சிங்கம் மட்டும் போதாது: பழைய பாக்கெட் கடிகாரக் கூடுகளின் முத்திரைகளைப் படிப்பது எப்படி?

‘சிங்கம் இருந்தால் வெள்ளி, கிரீடம் இருந்தால் தங்கம்.’ பழைய பாக்கெட் கடிகாரம் வாங்க ஆசைப்படுகிறவர்களின் காதில் முதலில் விழும் சூத்திரம் இதுதான். இதன் இரண்டு பாதிகளுமே தவறிப்போகக்கூடியவை. கிரீடம் என்பது 1974 வரை இங்கிலாந்தின் ஷெஃபீல்ட் நகரத்துக்கு ஒதுக்கப்பட்டிருந்த ஊர்ச்சின்னம், அதாவது எந்த ஊரில் சோதித்தது என்பதைக் காட்டும் குறி. அங்கே அது வெள்ளியின் மேல்தான் விழுந்தது. நடக்கும் சிங்கமோ 1844 வரை 22 காரட் தங்கத்திலும் பொறிக்கப்பட்டது. ஒற்றைச் சின்னத்தைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்கிறவர், அசலைப் போலி என்று ஒதுக்கவும் போலியை அசல் என்று வாங்கவும் சம அளவில் வாய்ப்பு இருக்கிறது.

முத்திரையைத் தனியாகப் பார்க்கக் கூடாது. ஒரு கூட்டில் உள்ள எல்லாக் குறிகளும் ஒன்றுக்கொன்று பொருந்துகின்றனவா, அவை சொல்லும் ஆண்டில் நடப்பிலிருந்த சட்டத்தோடு பொருந்துகின்றனவா, உள்ளே ஓடும் இயந்திரத்தோடு பொருந்துகின்றனவா என்று பார்க்க வேண்டும். போலி செய்கிறவரின் கைத்திறன் எவ்வளவு உயர்ந்ததாக இருந்தாலும், சட்ட வரலாற்றில் அவர் சறுக்குவார். அந்தச் சறுக்கலைக் கண்டுபிடிக்க விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டாம். பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸும் சில ஆண்டுகளைப் பற்றிய நினைவும் போதும்.

நமக்கு 916 முத்திரை பழகிய ஒன்று. இந்தியத் தர நிர்ணய அமைப்பின் தங்க ஹால்மார்க் 2000ஆம் ஆண்டில் தொடங்கியது. 2021 ஜூனில்தான் கட்டாயமாகத் தொடங்கியது. இங்கிலாந்தில் இதே ஏற்பாட்டின் வேர் 1300ஆம் ஆண்டுச் சட்டத்தில் இருக்கிறது. சிறுத்தைத் தலை முத்திரை அப்போது வந்தது. லண்டன் பொற்கொல்லர் மன்றத்துக்குப் பொருளைக் கொண்டுவந்து சோதிக்க வேண்டும் என்ற வழக்கமும், சோதித்த ஆண்டைக் காட்டும் ஆண்டெழுத்தும் 1478இல் வந்தன. நடக்கும் சிங்கம் 1544இல். இந்த நீண்ட மரபின் சாரம் ஒன்றுதான்: செய்தவரே தன் பொருளுக்குச் சான்று கொடுத்துக்கொள்ள முடியாது. மூன்றாவது ஒருவர் சுரண்டி எடுத்து, மாற்றுப் பார்த்து, பிறகு அச்சு அடிக்க வேண்டும். கடிகாரக் கூட்டிலும் அதே முறைதான்.

இந்தச் சான்றை எவ்வளவு தீவிரமாக எடுத்துக்கொண்டார்கள் என்பதற்குத் தண்டனைகளே சாட்சி. 1750களின் இறுதியில் முத்திரையைக் கள்ளத்தனமாகச் செய்வது மரண தண்டனைக்குரிய குற்றமானது. 1773இல் அது பதினான்கு ஆண்டு நாடுகடத்தலாகக் குறைந்தது. இன்றும் பிரிட்டனில் 1973ஆம் ஆண்டுச் சட்டப்படி பத்து ஆண்டு வரை சிறை உண்டு. அப்படியிருந்தும் போலிகள் வந்துகொண்டே இருந்தன என்றால், முத்திரைக்குச் சந்தையில் இருந்த மதிப்பை ஊகித்துக்கொள்ளலாம்.

ஒரு மூடியின் உட்புறம்

ஒரு வெள்ளிக் கூட்டைத் திறந்து பார்ப்போம். பின்மூடியின் உட்புறத்தில் நங்கூரம், நடக்கும் சிங்கம், பழைய கோதிக் எழுத்தில் சிறிய ‘எஸ்’, ‘ஏ.எல்.டி.’ என்ற முதலெழுத்துகள், அவற்றுக்குக் கீழே ஒரு வரிசை எண் ஆகியவை இருக்கின்றன. நங்கூரம் பர்மிங்காமின் ஊர்ச்சின்னம். சிங்கம், ஆயிரத்துக்கு 925 பங்கு வெள்ளி என்பதற்கு உறுதி. பர்மிங்காமின் அப்போதைய எழுத்துச் சுற்று 1875இல் ‘ஏ’யில் தொடங்கி, ‘ஜே’யை விட்டுவிட்டு 1899இல் ‘இசட்’டில் முடிந்தது, அதில் ‘எஸ்’ 1892ஐக் குறிக்கும். எழுத்து மாறுவது ஜனவரியில் அல்ல, ஜூலையில். ஆகவே இந்தக் கூடு 1892இன் பின்பாதியிலோ 1893இன் முன்பாதியிலோ சோதனைக்குப் போயிருக்கிறது. முதலெழுத்துகள் ஆரன் லஃப்கின் டெனிசனுடையவை. அமெரிக்காவின் வால்தம் கடிகாரத் தொழிற்சாலையைத் தொடங்கியவர்களில் ஒருவரான அவர், பிறகு பர்மிங்காமில் குடியேறி கூடு செய்யும் தொழிலை நிறுவினார். அந்தக் கூட்டுக்குள் வால்தம் இயந்திரம் ஓடினால் வியப்பில்லை. அந்த இணை மிகப் பரவலானது. வால்தம் இயந்திரத்தின் எண்ணைக் கொண்டு அது செய்யப்பட்ட ஆண்டை அட்டவணைகளில் பார்த்துவிடலாம். அந்த ஆண்டும் 1892ஐ ஒட்டி வந்தால், இரு வேறு நாடுகளின் இரு வேறு பதிவுகள் ஒரே கதையைச் சொல்கின்றன. என் அனுபவத்தில் இதைவிட நம்பத்தகுந்த சான்று கிடைப்பது அரிது.

இதே மூடியில் கூடுதலாக ஓர் அரசியின் தலை இருந்தால்? இங்கேதான் பலர் மயங்குகிறார்கள். வரி கட்டியதற்கு அடையாளமாக அரசரின் தலையைப் பொறிக்கும் வழக்கம் 1784 முதல் 1890 வரை வெள்ளிச் சாமான்களில் உண்டு. ஆனால் கடிகாரக் கூடுகளுக்கு 1798இலேயே அந்த வரியிலிருந்து விலக்குக் கிடைத்துவிட்டது. எனவே பத்தொன்பதாம் நூற்றாண்டுக் கூட்டில் அந்தத் தலை இல்லாதது குறையல்ல. இருந்தால்தான் நின்று யோசிக்க வேண்டும்: வேறொரு வெள்ளிச் சாமானின் முத்திரை வரிசையைப் பார்த்து நகல் எடுத்தார்களா, அல்லது அந்தச் சாமானிலிருந்தே தகட்டை வெட்டி ஒட்டினார்களா? 1892ஐச் சொல்லும் நம் கூட்டில் அரசியின் தலை இருந்தால் அது இரட்டைத் தவறு.

இப்படிக் காலம் காட்டிக்கொடுக்கும் இடங்கள் இன்னும் சில உண்டு. லண்டனின் சிறுத்தைத் தலை 1821இல் கிரீடத்தை இழந்தது. அதே காலத்தில் சிங்கமும் நம் பக்கம் திரும்பிப் பார்ப்பதை விட்டு நேரே பார்க்கத் தொடங்கியது. 1850ஐச் சொல்லும் எழுத்துக்குப் பக்கத்தில் கிரீடம் அணிந்த லண்டன் சிறுத்தை இருந்தால் அந்தக் கூட்டைக் கீழே வைத்துவிடலாம். பர்மிங்காம் அலுவலகத்துக்குத் தங்கத்தைச் சோதிக்கும் உரிமை 1824இல்தான் கிடைத்தது. நங்கூரம் தாங்கிய 1810ஆம் ஆண்டுத் தங்கக் கூடு இருக்க முடியாது. 18 காரட் தரம் 1798இல்தான் மீண்டும் சட்டத்தில் நுழைந்தது. 15, 12, 9 காரட் தரங்கள் 1854இல் வந்தன. அவற்றில் 15ம் 12ம் 1932இல் நீக்கப்பட்டு 14 காரட் வந்தது. ‘15’, ‘.625’ என்ற எண்களோடு 1936ஆம் ஆண்டெழுத்தும் சேர்ந்து நிற்கும் கூடு ஒரு முரண்.

எழுத்தை மட்டும் பார்த்து ஆண்டைச் சொல்வதும் ஆபத்து. லண்டனில் இருபது எழுத்துகளுக்கு ஒரு சுற்று. ‘ஏ’ 1856, 1876, 1896, 1916, 1936 என்று திரும்பத் திரும்ப வரும். பெரிய எழுத்தா சிறிய எழுத்தா, எழுத்துரு எது, அதைச் சூழ்ந்த கேடயத்தின் கீழ்விளிம்பு கூரா தட்டையா என்பவைதான் சுற்றைப் பிரித்துக் காட்டும். ஒரு நகரத்தின் எழுத்தட்டவணையை வேறொரு நகரத்தின் கூட்டுக்குப் பயன்படுத்துவது அனுபவமுள்ளவர்களிடமும் காணும் பிழை. வாளையும் மூன்று கோதுமைக் கட்டுகளையும் சின்னமாகக் கொண்ட செஸ்டர் அலுவலகம், லிவர்பூல், பிரெஸ்காட், கவென்ட்ரி பகுதிகளின் கடிகாரக் கூடுகளுக்கு ஏராளமாக முத்திரையிட்டது. அதன் எழுத்து வரிசை லண்டனோடு ஒத்துப்போகாது. ஊர்ச்சின்னத்தை முதலில், எழுத்தைப் பிறகு படிக்க வேண்டும்.

சுவிஸ் கூடுகளும் பிரிட்டிஷ் சட்டமும்

இந்தப் பொருளின் மிகச் சுவையான பகுதி பிரிட்டனுக்கும் சுவிட்சர்லாந்துக்கும் இடையே நடந்த இழுபறி. அதைப் புரிந்துகொண்டால் இன்று சந்தையில் கிடைக்கும் வெள்ளிப் பாக்கெட் கடிகாரங்களில் பெரும்பங்கை நம்பிக்கையோடு படிக்கலாம்.

பதினெட்டாம் நூற்றாண்டிலேயே இங்கிலாந்துக் கடிகாரத்துக்கு ஐரோப்பா முழுவதும் தனி மரியாதை இருந்தது. ஜெனீவா பக்கத்துப் பட்டறைகள் அந்த மரியாதையை அறுவடை செய்தன. ‘வில்டர், லண்டன்’, ‘டார்ட்ஸ், லண்டன்’ போன்ற பெயர்களைப் பொறித்த கடிகாரங்கள் ஏராளமாக வந்தன. வெள்ளிக் கூட்டில் ஆங்கில முத்திரைகளைப் போலவே தோன்றும் குறிகளும் இருக்கும். சேகரிப்பாளர்கள் இவற்றை ‘டச்சுப் போலிகள்’ என்று அழைக்கிறார்கள். நிமிட வட்டம் வளைவு வளைவாக அமைந்த டச்சு பாணி டயல்தான் அந்தப் பெயருக்குக் காரணம். இவற்றை இனம்காண முத்திரையை ஆராயும் முன்பே வழி உண்டு. இயந்திரத்தில், முன்னும் பின்னும் ஆடும் சமன்சக்கரத்தை மூடி நிற்கும் சித்திர வேலைப்பாட்டுத் தகட்டைப் பாருங்கள். இங்கிலாந்தில் அது ஒரு பக்கம் மட்டும் திருகால் பிடிக்கப்பட்டிருக்கும். ஐரோப்பியக் கண்டத்தில் பாலம்போல் இரண்டு பக்கமும் பிடிக்கப்பட்டிருக்கும். லண்டன் பெயர், லண்டன் முத்திரை, ஆனால் இரு கால் பாலம் என்றால் முத்திரையை மிகுந்த ஐயத்தோடுதான் படிக்க வேண்டும். இன்று அந்தப் போலிகளே இருநூறு ஆண்டுப் பழமை கொண்டவை. அவற்றைத் தேடி வாங்குகிறவர்களும் உண்டு. அதில் தவறில்லை, அவை என்னவோ அந்தப் பெயரிலேயே விற்கப்படும்வரை.

அடுத்த நூற்றாண்டில் ஆட்டம் மாறியது. 1870களில் சுவிஸ் வெள்ளிக் கூடுகள் லண்டன் அலுவலகத்துக்கே அனுப்பப்பட்டு, முறைப்படி சோதிக்கப்பட்டு, உண்மையான பிரிட்டிஷ் முத்திரை பெற்றன. முத்திரையில் பொய் இல்லை. வெள்ளி 925 தான். ஆனால் சிங்கத்தைப் பார்த்த வாடிக்கையாளர் முழுக் கடிகாரமும் ஆங்கிலேயக் கைவேலை என்று நம்பினார். உள்ளூர்க் கடிகாரத் தொழிலாளர்கள் கொதித்தெழுந்தார்கள். அதன் விளைவாக 1887ஆம் ஆண்டு வணிகக் குறிகள் சட்டம் வந்தது. 1888 முதல், அயல்நாட்டுக் கூட்டுக்கு ‘அயல்நாட்டுப் பொருள்’ என்ற சொல்லே அடங்கிய தனி முத்திரைதான் விழும் என்றாயிற்று. அப்படி ஒரு முத்திரையைக் கேட்டு வாங்க எந்த இறக்குமதியாளர் முன்வருவார்? கூடுகளை அனுப்புவதையே கிட்டத்தட்ட நிறுத்திவிட்டார்கள்.

அந்த இடைவெளியைச் சுவிஸ் அரசின் முத்திரைகள் நிரப்பின. சுவிட்சர்லாந்தின் மாற்றுக் கட்டுப்பாட்டுச் சட்டம் 1880இல் இயற்றப்பட்டு 1882இல் நடைமுறைக்கு வந்திருந்தது. 18 காரட் தங்கத்துக்கு ஹெல்வெசியா என்ற பெண்ணின் தலை, 14 காரட்டுக்கு அணில், 875 வெள்ளிக்குக் கரடி, 800 வெள்ளிக்குக் காட்டுக்கோழி. 1887இன் இறுதியில் பிரிட்டிஷ் சந்தையை மனத்தில் வைத்து 935 தரம் சேர்க்கப்பட்டது. அதற்கு அடையாளம் மூன்று கரடிகள். 925 இருக்கும்போது 935 எதற்கு? பற்றவைப்புப் பொடியால் மாற்றுச் சற்றுக் குறைந்தாலும், பிரிட்டனில் யார் எந்த இடத்தில் சுரண்டிச் சோதித்தாலும் 925க்குக் கீழே போகக் கூடாது என்ற முன்னெச்சரிக்கைதான்.

1907 ஜூன் 1 முதல் பிரிட்டனுக்குள் வரும் தங்க, வெள்ளிக் கடிகாரக் கூடுகள் யாவும் பிரிட்டிஷ் அலுவலகம் ஒன்றில் சோதிக்கப்பட்டு இறக்குமதி முத்திரை பெற்றாக வேண்டும் என்றாயிற்று. அவற்றுக்குச் சிங்கம் கிடையாது, சிறுத்தை கிடையாது, நங்கூரம் கிடையாது. லண்டனுக்குச் சிம்ம ராசியின் குறி, பர்மிங்காமுக்குச் சமபக்க முக்கோணம், செஸ்டருக்கு இலையோடு கூடிய ஓக் விதை, கிளாஸ்கோவுக்கு எதிரெதிரே நிற்கும் இரண்டு ‘எஃப்’. தரம் ‘.925’ என்று எண்ணாகவே பொறிக்கப்பட்டது.

இந்த மூன்று கட்டங்களையும் கையில் வைத்துக்கொண்டு ஒரு சுவிஸ் வெள்ளிக் கடிகாரத்தைத் திறந்து பாருங்கள். மூன்று கரடிகள், 935, பிரிட்டிஷ் குறி எதுவும் இல்லை: 1888க்கும் 1907க்கும் இடையில் பிரிட்டிஷ் சந்தைக்குச் செய்தது என்று சொல்ல நல்ல அடிப்படை இருக்கிறது. கரடிகளோடு பிரிட்டிஷ் இறக்குமதிக் குறியும் சேர்ந்திருந்தால் 1907க்குப் பிறகு. காட்டுக்கோழியும் 800ம், கூடவே பிறையும் கிரீடமும் என்றால் ஜெர்மானியச் சந்தை. அந்தப் பிறை-கிரீடக் குறி 1888இல் தொடங்கியது. ஒற்றைக் கரடி, 875, பக்கத்தில் ‘84’ என்று இருந்தால் ரஷ்யாவுக்குப் போனது. ரஷ்யர்கள் மாற்றை 96க்கு இவ்வளவு என்று எண்ணினார்கள். 84ஐ 96ஆல் வகுத்தால் சரியாக 0.875. தங்கத்தில் 56ஐ 96ஆல் வகுத்தால் 0.583, அதாவது அணிலின் 14 காரட். இரு நாட்டுக் கணக்குகளும் ஒன்றையொன்று இப்படிச் சரிபார்த்துக்கொடுக்கும்போது கிடைக்கும் நிறைவே தனி. போலி செய்கிறவர் இந்தப் பொருத்தத்தை அறியாமல் 800க்குப் பக்கத்தில் 84ஐ அடித்துவைத்தால் அங்கேயே பிடிபடுவார்.

இங்கே இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இறக்குமதிக் கூட்டில் காணும் முதலெழுத்துகள் பெரும்பாலும் செய்தவருடையவை அல்ல. சோதனைக்கு அனுப்பிய முகவருடையவை. ‘ஜி.எஸ்.’ என்பது ஜார்ஜ் ஸ்டாக்வெல் என்ற லண்டன் முகவரின் பதிவு. பல நிறுவனங்களின் கூடுகளில் அது இருக்கும். அதைப் பார்த்துவிட்டு ‘தயாரிப்பாளர் பெயர் பொருந்தவில்லை, எனவே போலி’ என்று முடிவுகட்டுவது அநியாயம். டயலில் உள்ள பெயரும் அப்படித்தான். சென்னை மவுண்ட் ரோட்டில் பத்தொன்பதாம் நூற்றாண்டிலிருந்து இயங்கிய பி.ஆர் அண்ட் சன்ஸ் பெயரைத் தாங்கிய பாக்கெட் கடிகாரங்கள் இன்றும் தமிழ்நாட்டுக் குடும்பங்களிடம் கிடைக்கின்றன. அது விற்ற கடையின் பெயர். கூடு எங்கே செய்யப்பட்டது என்பதை மூடியின் உட்புறம்தான் சொல்லும்.

அரசு முத்திரை இல்லாத நாடு

அமெரிக்காவின் கதை வேறு. அங்கே அரசுச் சோதனை அலுவலகம் கடிகாரக் கூட்டுக்கு முத்திரையிட்டதே இல்லை. கூட்டில் காண்பதெல்லாம் நிறுவனத்தின் சொந்தக் குறியும் அதன் சொந்த வாக்குறுதியும்தான். 1906இல் வந்த கூட்டாட்சிச் சட்டம்தான் காரட் எண் பொய்யாகக் கூடாது என்று முதன்முறையாக நாடு தழுவிய கட்டுப்பாட்டைக் கொண்டுவந்தது. கடிகாரக் கூட்டுக்கு ஆயிரத்தில் மூன்று பங்கு மட்டுமே விலகல் அனுமதித்தது. அதற்கு முந்தைய ‘14 கே’ என்பது செய்தவரின் நாணயத்தைப் பொறுத்தது. ‘யு.எஸ். அஸே’ என்று, அரசே சோதித்தது போன்ற தோற்றம் தரும் சொற்களை அடித்த கூடுகளும் உண்டு. அமெரிக்க அரசின் அஸே அலுவலகங்கள் தங்கக் கட்டிகளையும் நாணய உலோகத்தையும் கவனித்தவை. கடிகாரக் கூடு அவர்கள் வேலையே அல்ல.

அமெரிக்கக் கூடுகளில் மிகுதியாக நடப்பது கள்ள முத்திரை அல்ல, அசல் முத்திரையைத் தவறாகப் படிப்பது. ‘14 கே’ என்ற எழுத்துக்குப் பக்கத்தில் ‘20 ஆண்டு உத்தரவாதம்’ அல்லது ‘25 ஆண்டு’ என்று இருந்தால் அது முழுத் தங்கம் அல்ல. ஜேம்ஸ் பாஸ் 1859இல் காப்புரிமை பெற்ற முறையில், மட்ட உலோகத்தின் இருபுறமும் தங்கத் தகட்டைப் போர்த்தி உருட்டியது. தங்கம் இத்தனை ஆண்டு தேயாது என்பதற்குத்தான் உத்தரவாதம். முழுத் தங்கத்துக்கு ஆண்டுக் கணக்கு எதற்கு? அதேபோல் ‘சில்வராய்டு’, ‘சில்வரின்’ என்பவை வெள்ளி அல்ல. நிக்கல் கலவைக்கு வைத்த வணிகப் பெயர்கள். தங்கம் போர்த்திய கூட்டில் வளையம், சாவிக் குமிழைச் சுற்றியுள்ள கழுத்து, மூடியின் விளிம்பு ஆகிய இடங்களில் பித்தளையின் மஞ்சள் எட்டிப்பார்க்கும். முதலில் தேயும் இடங்கள் அவைதாம்.

சுவிஸ் தங்கக் கடிகாரங்களில் இதற்கு இணையான ஒரு பொறி, உள்மூடி. தூசு புகாமல் இருக்க இயந்திரத்தின் மேல் வரும் அந்த மூடியில் ‘கூயிவ்ர்’ அல்லது ‘மெத்தால்’ என்ற பிரெஞ்சுச் சொல் இருந்தால், உள்மூடி மட்டும் செம்பு அல்லது மட்ட உலோகம் என்று செய்தவரே நேர்மையாக அறிவித்திருக்கிறார். வெளிமூடிகள் தங்கமாகவே இருக்கலாம். ஆனால் மொத்த எடையையும் தங்கம் என்று கணக்கிட்டு விலை சொல்கிறவரிடம் அந்தச் சொல்லை விரல் வைத்துக் காட்ட வேண்டும்.

அச்சு விழுந்த விதம்

சட்டமும் காலமும் பொருந்திய பிறகு லென்ஸை எடுங்கள். உண்மையான முத்திரை எஃகு அச்சால் அடித்தது. அடி விழுந்த இடத்தில் உலோகம் நசுங்கி ஒதுங்கியிருக்கும். பள்ளத்தின் சுவர் செங்குத்தாக, விளிம்பு கூர்மையாக இருக்கும். சிங்கத்தின் பிடரியும் நகமும் தனித்தனியே தெரியும். அச்சு சற்றுச் சாய்ந்து விழுந்தால் கேடயத்தின் ஒரு பக்கம் ஆழமாகவும் மறுபக்கம் மேலோட்டமாகவும் இருக்கும். இந்தச் சிறு கோணலைக் குறை என்று நினைக்காதீர்கள். கையால் அடித்ததற்கான தடயம் அது. அசலிலிருந்து அச்செடுத்து வார்த்த போலியில் பள்ளத்தின் அடி மணல் மணலாகவோ, குமிழி வெடித்த புள்ளிகளோடோ இருக்கும், ஓரங்கள் மழுங்கியிருக்கும், உலோகம் குளிரும்போது சுருங்குவதால் குறியின் அளவு அசலைவிடச் சற்றுச் சிறுத்திருக்கும். செம்பு, பித்தளை போன்ற மென்மையான உலோகத்தில் செய்த கள்ள அச்சும் விரைவில் மழுங்கும். அதன் கோடுகளில் எஃகின் விறைப்பு இராது. சுவிஸ் முத்திரைகளில், எந்த ஊர் அலுவலகம் என்பதைக் காட்டும் மிக நுணுக்கமான எழுத்து உருவத்தோடு சேர்ந்தே இருக்கும். நகல்களில் முதலில் காணாமல்போவது அதுதான்.

கடிகாரக் கூட்டுக்கே உரிய ஒரு சோதனையை நான் மிகவும் மதிக்கிறேன். வெள்ளிக் கரண்டியின் முத்திரை நூறு ஆண்டு துடைத்துத் துடைத்துத் தேயும். கடிகார முத்திரையோ மூடிக்குள் இருக்கிறது; அதைத் தேய்க்க அங்கே எதுவும் இல்லை. கூட்டின் வெளிப்புறத்தில் இயந்திரத்தால் செதுக்கிய கோலம் கூர்மையாக இருக்க, உள்ளே முத்திரை மட்டும் மங்கலாக, பழமை தெரிகிறாற்போல் இருந்தால் அந்த மங்கல் இயல்பாக வந்ததல்ல. இதற்கு நேர்மாறானதுதான் இயல்பு: வெளியே வழுவழுவென்று தேய்ந்த கூடு, உள்ளே நேற்று அடித்ததுபோல் முத்திரை. அழகான முத்திரையைப் பார்த்ததும் ‘இவ்வளவு புதிதாக இருக்கிறதே’ என்று சந்தேகப்படுவது கரண்டிக்குப் பொருந்தும், கடிகாரத்துக்குப் பொருந்தாது.

குறிகள் எங்கெங்கே இருக்கின்றன என்பதும் முக்கியம். ஆங்கிலக் கூடுகள் முழுதாக முடியும் முன், பாகங்களாக இருக்கும்போதே சோதனைக்குப் போயின. எனவே பின்மூடியில் முழு வரிசை, உள்மூடி போன்ற மற்றப் பாகங்களில் சில குறிகள், கழுத்திலும் வளையத்திலும் ஒரு சின்னஞ்சிறு சிங்கமோ முதலெழுத்தோ இருப்பது வழக்கம். வளையம் அடிக்கடி தேய்ந்து மாற்றப்படுவது. அதில் மட்டும் குறி இல்லையென்றால் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். பழைய இரட்டைக் கூட்டுக் கடிகாரங்களில் உள்கூடும் வெளிக்கூடும் ஒரே ஆண்டெழுத்தையும் ஒரே முதலெழுத்துகளையும் தாங்கியிருக்க வேண்டும். இல்லையென்றால் அவை இரண்டும் பிற்காலத்தில் சேர்த்துவைக்கப்பட்டவை.

அடுத்தது, எல்லா முத்திரையும் அசலாக இருந்தும் ஏமாற்றும் கடிகாரம். வேறு சாமானிலிருந்து முத்திரையுள்ள தகட்டை வெட்டிக் கூட்டில் பதித்திருந்தால், முத்திரையைச் சுற்றி மெல்லிய பற்றவைப்புக் கோடு இருக்கும். மூடியின் மேல் வாயால் ஊதினால் ஆவி படியும் அந்த நொடியில் கோட்டின் நிறம் வேறாகத் தெரியும். இதைவிடப் பரவலானது கூடு மாற்றம். தங்கம் விலை ஏறியபோதெல்லாம் கூடுகள் உருக்கப்பட்டன. நல்ல இயந்திரங்கள் அநாதையாயின. பிறகு அவை கிடைத்த கூட்டில் பொருத்தப்பட்டன. கூட்டின் விளிம்பில், இயந்திரத்தைப் பிடிக்கும் திருகின் தலை அழுத்திய வடு இரண்டு வெவ்வேறு இடங்களில் இருந்தால் அந்தக் கூடு முன்பு வேறொரு இயந்திரத்தைச் சுமந்திருக்கிறது. ஆங்கில, சுவிஸ் கடிகாரங்கள் பலவற்றில் கூட்டின் எண்ணும் இயந்திரத்தின் எண்ணும் ஒன்றாக இருக்கும் என்பதால் ஒப்பிட்டுப் பார்ப்பது பயன்தரும். அமெரிக்கக் கடிகாரங்களில் இந்த ஒப்பீடு வேண்டாம். அங்கே கூடு செய்தவர் ஒருவர், இயந்திரம் செய்தவர் வேறொருவர், கடைக்காரர் இரண்டையும் சேர்த்து விற்றார்.

உலோகச் சோதனையைக் கடைசியில் வைத்திருப்பதற்குக் காரணம் உண்டு. உரைகல்லில் தேய்ப்பதும் அமிலம் வைப்பதும் மேற்பரப்பைத்தான் சோதிக்கும். கனமான தங்க முலாம் அவற்றை எளிதில் ஏமாற்றிவிடும். எக்ஸ்-கதிர் கருவியும் மேலே உள்ள மெல்லிய அடுக்கைத்தான் படிக்கிறது. கழற்றி எடுத்த மூடியை எடை பார்த்து, நீரில் மூழ்கவைத்து அடர்த்தி காண்பது சேதமில்லாத நல்ல வழி: 925 வெள்ளி கன சென்டிமீட்டருக்கு 10.3 கிராமைச் சுற்றி வரும், நிக்கல் கலவையும் பித்தளையும் 9க்குக் கீழே நின்றுவிடும், 18 காரட் தங்கம் 15ஐத் தாண்டும். ஆனால் வெள்ளிதான் என்று உறுதியாவதால் முத்திரை அசல் என்றாகிவிடாது. நல்ல வெள்ளியில் கள்ள லண்டன் முத்திரையை அடித்து, சாதாரணக் கடிகாரத்தைப் புகழ்பெற்ற பட்டறையின் வேலையாக விற்பதில்தான் பெரிய பணம் இருக்கிறது.

மூடியின் உட்புறத்தில் ஊசியால் கீறிய மிகச் சிறிய எழுத்துகளும் எண்களும் இருந்தால் அவற்றைத் தேய்த்து அழித்துவிடாதீர்கள். பழுதுபார்த்தவர்கள் தங்கள் கணக்குக்காக இட்ட குறிகள் அவை. சிலவற்றில் ஆண்டே இருக்கும். நூற்றைம்பது ஆண்டு ஓடியதாகச் சொல்லப்படும் கடிகாரத்தில் ஒரு கீறல்கூட இல்லையென்றால் கடுமையாகப் பாலிஷ் போட்டிருக்கிறார்கள், அல்லது அதன் வயது அவ்வளவு இல்லை.

இணையத்தில் வாங்குகிறவர்கள் விற்பவரிடம் ஐந்து படங்கள் கேட்க வேண்டும்: பின்மூடியின் உட்புறம், உள்மூடியின் இரு பக்கங்கள், எண் தெரியும்படி இயந்திரம், வளையமும் கழுத்தும். முத்திரைப் படத்தை நேராக விழும் ஒளியில் எடுத்தால் ஆழம் தெரியாது. பக்கவாட்டில் ஒளி விழும்படி எடுக்கச் சொல்லுங்கள். டயலை மட்டும் பளபளவென்று காட்டிவிட்டு மூடியைத் திறக்க மறுப்பவருக்கு, உலோகம் எதுவென்று தெரியாத கூட்டுக்குரிய விலையை மட்டும் சொல்லுங்கள்.